நூலில்லா மாப்பிள்ளை

பருத்தி வம்சத்தின் சரித்திரத்தில் சொல்லிக்கொள்ளும்படியான கல்யாணம் ஒன்றே ஒன்றுதான். அது நடந்து பத்து லட்சம் ஆண்டாகிறது. இருபது லட்சம் என்பாரும் உண்டு. மொய் நோட்டு கிடைக்காததால் தேதியை உறுதி செய்ய முடியவில்லை. பெண் ஆப்பிரிக்க, ஆசியப் பக்கத்துச் சொந்தம். நம் கரிசலில் நின்ற கருங்கண்ணிக்கும் உப்பம் பருத்திக்கும் ஏதோ ஒரு வழியில் பாட்டி முறை. மாப்பிள்ளைக்கு அமெரிக்கக் கண்டம். பெரு நாட்டுப் பக்கம். பெண் வீட்டில் விதையைச் சுற்றி இழை உண்டு. குட்டைதான், ஆனாலும் முறுக்கினால் நூலாகும். மாப்பிள்ளை வீட்டு விதையைத் தடவிப் பார்த்தால் ஒட்டிக்கிடக்கும் பூனைமயிர். அதை நூற்றுக் கொசுவுக்குக் கோவணம்கூடக் கட்ட முடியாது.

"பையன் என்ன பண்றார்?" என்று பெண் வீட்டார் கேட்டிருந்தால், "காட்டில் சும்மா நிற்கிறார்" என்பதே நேர்மையான பதில். சொத்து? பெண்ணின் மரபணுத் தொகுதியில் ஏறக்குறைய பாதிதான். ஆனாலும் கல்யாணம் நடந்தது. பெண்தான் தாய், மகரந்தம் மாப்பிள்ளையுடையது என்பதில் இன்று சந்தேகமில்லை. பிற்காலத்தில் வந்த தாவரவியலார் பெண் வீட்டுக்கு 'ஏ' என்றும் மாப்பிள்ளை வீட்டுக்கு 'டி' என்றும் எழுத்துக் கொடுத்தார்கள். வெறும் அடையாளத்துக்கு வைத்ததுதான். உலகம் அதை மதிப்பெண்ணாகவே எடுத்துக்கொண்டது.

இரு வீட்டுக்கும் தலா 13 ஜோடி குரோமோசோம். இப்படி தூரத்துச் சம்பந்தத்தில் பிறக்கும் பிள்ளை வழக்கமாக மலடாகும். இந்தப் பிள்ளை குரோமோசோம்களை ஒட்டுமொத்தமாக இரட்டித்துக்கொண்டு, 26 ஜோடியோடு தப்பித்தது. அதன் வாரிசுகளில் ஹிர்சூட்டம் மெக்சிகோ பக்கம் வளர்ந்து இன்று உலகப் பருத்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தானே என்கிறது. பார்படென்ஸ் தென் அமெரிக்காவில் வளர்ந்து எகிப்துப் பருத்தி, பிமா, சீ ஐலண்ட் என்று பெரிய மனுஷப் பெயர்களில் நடமாடுகிறது. ஹவாய், காலபகோஸ், பிரேசில் என்று ஒதுங்கிவிட்ட சன்னியாசிப் பிள்ளைகளும் உண்டு.

பெண் கடல் தாண்டி எப்படிப் போனாள்? இதற்கு அறிஞர்கள் சொன்ன பதில்களைப் படித்தால் அறிஞர்கள் மேல் ஒரு பாசமே வந்துவிடும். டிரினிடாட் தீவில் பருத்தி ஆராய்ந்த ஹார்லண்ட், பசிபிக் கடலுக்குக் குறுக்கே முன்னொரு காலத்தில் நிலப்பாலம் இருந்தது என்றார். ஒரு செடி நடந்துபோவதற்காக ஒரு கண்டத்தையே எழுப்பிப் பிறகு மூழ்கடித்தார். 1947இல் ஹட்சின்சன், சைலோ, ஸ்டீஃபன்ஸ் மூவரும் சேர்ந்து ஒரு புத்தகம் போட்டு, பாலமெல்லாம் வேண்டாம், மனிதர்கள்தாம் விதையைப் படகில் கொண்டுபோனார்கள் என்றார்கள். அப்படியானால் கல்யாணம் நேற்று முன்தினம் நடந்ததாகிறது. அதே ஆண்டு நார்வேக்காரர் தோர் ஹையர்டால், பெருவிலிருந்து கோன்-டிக்கி கட்டுமரத்தில் 101 நாள் மிதந்து பாலினேசியாவில் கரையேறினார். அந்தத் தீவுகளில் நிற்கும் பருத்தியையும் தன் கட்சிக்குச் சாட்சியாகக் கூப்பிட்டார். அவர் கணக்கில் பயணம் எதிர்த்திசையில். கடைசியில் மூவரில் ஒருவரான அந்த ஸ்டீஃபன்ஸே காட்டுப் பருத்தி விதைகளை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பார்த்தார். விதைகள் சாகவில்லை. கடலில் மிதந்தே போயிருக்க முடியும். பாலமும் வேண்டாம், படகும் வேண்டாம், மனிதனே வேண்டாம்.

இந்தக் குடும்ப விவகாரம் எதுவும் தெரியாமல் பருத்தியைச் சீர்திருத்தக் கிளம்பியது கிழக்கிந்தியக் கம்பெனி. செடியில் ஆட்டுக்குட்டி காய்க்கிறது, அதன் ரோமம்தான் பஞ்சு என்று ஒரு காலத்தில் கதை கேட்டு வளர்ந்த கண்டம் அவர்களுடையது. அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. லங்காஷயர் மில்களுக்கு நீள இழை வேண்டும். அது அமெரிக்காவில் விளைகிறது. அமெரிக்காவோ கையைவிட்டுப் போன நாடு. இந்தியா கையில் இருக்கிறது, ஆனால் இந்தியப் பஞ்சு குட்டை. கணக்கு சுலபம்: அமெரிக்க விதையைக் கொண்டுவந்து இந்திய மண்ணில் போடு. விதையோடு அமெரிக்கனையும் கொண்டுவா.

1840இல் பத்து அமெரிக்கத் தோட்டக்காரர்கள் வந்து இறங்கினார்கள். அடிமைகளை வைத்துப் பருத்தி விளைவித்த தென் மாநிலங்களில் பொறுக்கியெடுத்தவர்கள். அவர்களுடைய வேளாண் அறிவில் எவ்வளவு மண்ணைப் பற்றியது, எவ்வளவு சவுக்கைப் பற்றியது என்று பிரித்துப் பார்க்கக் கம்பெனிக்கு நேரமில்லை. வங்காளம், பம்பாய், சென்னை என்று மூன்று மாகாணங்களுக்கும் பங்கு பிரித்து அனுப்பினார்கள். சென்னை மாகாணத்துப் பங்கில் கோயம்புத்தூருக்கும் பண்ணை வாய்த்தது. 1842இல் அதன் தலையில் டாக்டர் ராபர்ட் வைட் உட்கார்ந்தார். படிப்பு வைத்தியம், காதல் தாவரவியல். ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு ஓவியர்களைக் கொண்டு தென்னிந்தியச் செடிகளை அற்புதமாக வரைந்து வெளியிட்ட மனிதர். அவருக்குக் கிடைத்த வேலையோ பத்து ஆண்டுக்கு மேல் அமெரிக்கப் பருத்தியைச் சமாதானப்படுத்தி வளர்ப்பது.

சமாதானம் எடுபடவில்லை. மிசிசிப்பிக் கரையின் கோடை மழைக்குப் பழகிய செடிக்கு நம்மூர்ப் பருவமழையின் பஞ்சாங்கம் புரியவில்லை. தோட்டக்காரர்களும் ஒவ்வொருவராக மூட்டை கட்டினார்கள். தார்வார் பக்கம் மட்டும் அமெரிக்க விதை ஓரளவு வேர்பிடித்தது. 1853இல் வைட் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். கம்பெனி தோல்விக்குக் காரணங்களை வரிசையாக எழுதி வைத்தது: விவசாயி பழமைவாதி, தரகன் கலப்படக்காரன், வண்டிப் பாதையில் தூசி. மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. யாரும் எழுதாத காரணம் ஒன்றும் இருந்தது. நம் நாட்டுப் பருத்தி வெறும் பெண் வீட்டார், 13 ஜோடி. மாப்பிள்ளை ரத்தம் ஒரு சொட்டும் கிடையாது. அமெரிக்கப் பருத்தியோ இருவீட்டுப் பேரன், 26 ஜோடி. இரண்டையும் ஒட்டிப் பார்த்தால் 39 குரோமோசோமோடு ஒரு பிள்ளை பிறக்கும், அதற்குப் பிள்ளை பிறக்காது. குரோமோசோம் என்ற சங்கதியே தெரியாத காலத்தில் இதற்கு விவசாயியைத் திட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. லங்காஷயருக்குக் குட்டைப் பஞ்சே கதி. பம்பாயில் விலை ஏறி, பணம் புரண்டு, 1865இல் போர் முடிந்ததும் புரண்ட பணம் காலை வாரியது. மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள், பஞ்சு கொடு ஆண்டவரே, ஆனால் சூரத்துப் பஞ்சு மட்டும் வேண்டாம் என்று பிரார்த்தித்ததாக ஒரு கதை உலவுகிறது. அந்த ஜெபத்தைக் கேட்டு டாக்காவில் ஒருவர் சிரித்திருக்கக்கூடும். உலகம் வாய்பிளந்த மஸ்லின் துணி, இதே 13 ஜோடிக் குடும்பத்துப் பஞ்சில் விரலாலும் ஈரக்காற்றாலும் நூற்றதுதான். பஞ்சு குட்டை என்பது உண்மை; குட்டைப் பஞ்சைத் தொடத் தெரியாத மெஷின் என்பதும் உண்மை. என் ஓட்டு மெஷினுக்கு எதிராகத்தான்.

வேடிக்கை என்னவென்றால், கம்பெனி பாடுபட்டுக் கொண்டுவர முடியாததை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் அகதி கொண்டுவந்து சேர்த்தான். கம்போடியாவிலிருந்து வந்த ஹிர்சூட்டம் பருத்தி. அமெரிக்காவில் பிறந்து, இந்தோசீனாவில் வாழ்க்கைப்பட்டு, தமிழ்நாட்டுக்கு வந்தது. கோவைப் பக்கத்து விவசாயிகள் கிணற்றுத் தண்ணீர் காட்டினார்கள், செடி பிடித்துக்கொண்டது. 'பழமைவாதி' கேஸ் அப்போதே தள்ளுபடியாகியிருக்க வேண்டும். எம்.சி.யு. என்று இன்றும் விதைக்கடையில் கேட்கும் ரகங்களின் முதலெழுத்துகள் மெட்ராஸ், கம்போடியா, உகாண்டா. ஒரு விதைப் பையில் இத்தனை விசா முத்திரை.

இனி தரம். நூற்றாண்டுகளாகப் பஞ்சின் தரம் என்பது தரம் பார்க்கிறவரின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருந்தது. ஒரு பிடி பஞ்சைக் கிழித்து, இழுத்து, அடுக்கி, மறுபடி இழுத்து, கண்ணைச் சுருக்கி, "முப்பது ஸ்டேபிள்" என்பார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. 1924இல் பம்பாய் மாதுங்காவில் பருத்திக்கென்று ஒரு தொழில்நுட்பச் சோதனைச்சாலை வந்தது. இழையின் நீளம், வலிமை, நுண்மை எல்லாம் மெல்ல மெல்ல எண்ணாயின. பிற்பாடு வந்த மைக்ரோனேர் என்ற கருவி பஞ்சுக்குள் காற்றை ஊதி, எவ்வளவு தடுக்கிறது என்று பார்த்து நுண்மை சொல்கிறது. இழை உண்மையிலேயே மெல்லியதா, அல்லது முற்றாமல் சூம்பிப்போனதா என்று அதற்குத் தெரியாது. இரண்டுக்கும் ஒரே எண்ணைக் காட்டிவிட்டுச் சாதுவாக உட்கார்ந்திருக்கும்.

இத்தனை பேர் பிடித்து இழுக்கும் அந்த இழை, ஒரே ஒரு செல். விதைத்தோலின் மேற்புறத்துச் செல் ஒன்று, பூ மலர்ந்த நாளில் தலைதூக்கி, மூன்று வாரம் போல நீண்டுகொண்டே போகிறது. அகலத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல் நீளம். பிறகு நீள்வதைப் படிப்படியாக நிறுத்தி, உள்ளே செல்லுலோஸை அடுக்கடுக்காகப் பூசிக்கொள்கிறது. நீளும் காலத்தில் நீளம் முடிவாகிறது, பூசும் காலத்தில் வலிமையும் முதிர்ச்சியும். கடைசியில் செத்து, காய்ந்து, முறுக்கிக்கொண்டு, ஒரு கேண்டி பஞ்சு என்ன விலை என்று நம்மைக் கேட்க வைக்கிறது.

கல்யாண ரகசியம் வெளிப்பட்டது 1930களில். ஸ்கோவ்ஸ்டெட் என்ற டேனிஷ்காரர் அமெரிக்கப் பருத்தியின் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் பார்த்து, 13 ஜோடி பெரிது, 13 ஜோடி சிறிது என்று கண்டார். பெரியவை ஆசியப் பருத்தியின் குரோமோசோம்களோடு ஜோடி சேர்ந்தன. சிறியவை அமெரிக்கக் காட்டுப் பருத்தியின் உறவு. ஆக, இது இரண்டு வீட்டுப் பிள்ளை. டெக்சாஸில் பீஸ்லி என்பவர் வெறும் துப்போடு நிற்கவில்லை. கல்யாணத்தையே மறுபடி நடத்தி வைத்தார். ஆசிய ஆர்போரியத்தையும் அரிசோனாப் பக்கத்துக் காட்டுச் செடியான தர்பெரியையும் ஒட்டினார். தர்பெரி அசல் மாப்பிள்ளை இல்லை, பங்காளி முறை. அதற்கும் நூற்க இழை கிடையாது. மலட்டுப் பிள்ளைக்குக் கால்ச்சிசின் மருந்து வைத்துக் குரோமோசோம்களை இரட்டித்தார். நம் கண்வலிக் கிழங்கில் இருக்கிறதே, அதே நஞ்சுதான். இரட்டித்த செடியை ஹிர்சூட்டத்தோடு ஒட்டினால் வாரிசு உண்டாயிற்று. 1940இல் இதை அச்சிலேற்றினார். இரண்டாம் உலகப் போரில் இத்தாலிக்குப் போனவர் 1943இல் அங்கேயே மாண்டார்.

அவர் விட்டுப்போன மூவினக் கலப்புச் செடிகளின் சந்ததியில் ஓர் அதிசயம் இருந்தது. இழை வலிமை. சவுத் கரோலினாவின் பீ டீ ஆராய்ச்சி நிலையத்தில் அந்தச் சந்ததியை எடுத்துத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி, வலிமைக்குப் பேர்போன ரகங்களை வளர்த்தார்கள். வலிமை எங்கிருந்து வந்தது என்று யாராவது அப்போதே மாப்பிள்ளை வீட்டுக் கதவைத் தட்டியிருக்கலாம். தட்டினாலும் பூனைமயிர் வீட்டில் யார் போய் நூல் கேட்பது என்று திரும்பியிருப்பார்கள்.

மரபணு வரைபடம் வந்துதான் அந்த வீட்டைச் சோதனை போட்டது. வேலை இப்படி. நீள இழை பார்படென்ஸையும் அதிக விளைச்சல் ஹிர்சூட்டத்தையும் ஒட்டு. பேரப்பிள்ளைகளை வயலில் வளர்த்து ஒவ்வொன்றின் பஞ்சையும் அள. ஒவ்வொன்றின் டி.என்.ஏ.வையும் எடுத்து, எந்தத் துண்டு எந்தத் தாத்தாவுடையது என்று மார்க்கர்களை வைத்துக் குறி. பிறகு நீள இழைப் பேரன்களிடமெல்லாம் பொதுவாகத் திரும்பத் திரும்பத் தென்படும் துண்டு எது என்று கணக்குப் போடு. தற்செயல் அல்ல என்பதற்கு ஆயிரத்துக்கு ஒன்று என்ற சாதகம் கிடைத்தால் அந்த இடத்துக்கு க்யூ.டி.எல். என்று பட்டம் கட்டு. சொல்வது இரண்டு நிமிஷம். அந்தக் காலத்தில் ஒவ்வொரு மார்க்கருக்கும் கதிரியக்கப் பாஸ்பரஸ், எக்ஸ்ரே பிலிம், இருட்டறை, ஓர் ஆராய்ச்சி மாணவனின் இளமை.

1994இல் டெக்சாஸில் ஆண்ட்ரூ பேட்டர்சன் குழு முதல் விரிவான வரைபடத்தை வெளியிட்டது. 705 இடங்கள், 41 இணைப்புத் தொகுதிகள். குரோமோசோம் 26 ஜோடி என்றால் தொகுதி 26 வர வேண்டும், 41 வந்தது. துண்டு துண்டாகக் கிழிந்த பத்திரம், ஆனாலும் பத்திரம். 1998இல் அதே குழு, இழையின் தரத்துக்கும் விளைச்சலுக்குமான இடங்கள் அந்தப் பத்திரத்தில் எங்கே விழுகின்றன என்று பார்த்தது. பெரும்பாலானவை 'டி' பக்கம் விழுந்தன. மாப்பிள்ளை வீட்டுக் குரோமோசோம்கள்!

சம்பந்திகள் முகத்தை அன்று யாரும் படம் பிடிக்கவில்லை. ஆனால் விளக்கம் உண்டு, அதுவும் கௌரவமான விளக்கம். பெண் வீட்டார் தம்மிடம் இருந்த இழையைத் தம் ஜீன்களைக் கொண்டு ஏற்கெனவே முடிந்த மட்டும் நீட்டியாயிற்று. அங்கே மாற்ற மிச்சம் குறைவு. மாப்பிள்ளையின் ஜீன்கள் இழை நீட்டும் வேலையே பார்த்ததில்லை. பெண் வீட்டு ஜீன்களோடு ஒரே செல்லுக்குள் குடித்தனம் வந்த பிறகு அவற்றில் நேர்ந்த மாறுதல்களுக்குப் புதிதாக மதிப்பு வந்தது. மெக்சிகோவிலும் பெருவிலும் ஆயிரக்கணக்கான ஆண்டு நல்ல பஞ்சைப் பொறுக்கிப் பொறுக்கி விதைத்த பெயர் தெரியாத விவசாயிகள் அதைத்தான் அறியாமல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பெண் வீட்டுப் பருத்தியை மட்டும் வைத்து அதே பாடுபட்ட நம் முன்னோருக்கு அந்த நீளம் வாய்க்கவில்லை. வைட்டுக்கு ஒரு வார்த்தை முன்னமே யாராவது சொல்லியிருந்தால் அவர் நிம்மதியாகப் பூ வரைய வைத்துக்கொண்டிருந்திருப்பார்.

முழு டி.என்.ஏ.வையும் படிக்கும் காலம் வந்தபோது 2012இல் முதலில் படித்தது மாப்பிள்ளை வீட்டு ரெய்மாண்டியைத்தான். இரண்டு குழுக்கள் போட்டி போட்டுப் படித்தன. மரியாதை என்று மாப்பிள்ளை நினைத்திருப்பார். மரபணுத் தொகுதி சின்னது, சீக்கிரம் முடியும் என்பது காரணம். ஆர்போரியம் 2014இல், ஹிர்சூட்டம் 2015இல்.

வரைபடம் கைக்கு வருமுன்பே ஒட்டுச் சேர்க்கிறவர்கள் கையை வைத்துச் சாதித்ததும் உண்டு. 1974இல் கோவையில் வந்த சுவின், பார்படென்ஸ் குடும்பத்துக்குள்ளேயே சுஜாதாவையும் செயின்ட் வின்சென்ட்டையும் ஒட்டிப் பெற்ற ரகம். 120ஆம் நம்பர் நூல் அதில் ஓடியது. தார்வாரில் 1972இல் கட்டார்கி தந்த வரலட்சுமி, ஹிர்சூட்டத்துக்கும் பார்படென்ஸுக்கும் நேரடிக் கலப்பு. முதல் தலைமுறை ராஜா வீட்டுப் பிள்ளை. அதன் விதையையே எடுத்து விதைத்தால் அடுத்த தலைமுறையில் ஒன்று அம்மா மாதிரி, ஒன்று அப்பா மாதிரி, பாதி யார் மாதிரியும் இல்லை. இரண்டு இனங்களின் நல்லதையும் ஒரே செடியில் நிலைக்க வைப்பதுதான் பெரும்பாடு. நீளத்துக்கான துண்டை இழுத்தால் தாமதமாகக் காய்ப்பதும் விளைச்சல் குறைவதும் கூடவே வால்பிடித்து வரும். வாலை நறுக்கத்தான் வரைபடம்.

அதிலும் சச்சரவு தீர்ந்தபாடில்லை. ஓர் ஊரில் பளிச்சென்று தெரிந்த க்யூ.டி.எல். அடுத்த ஊர் மண்ணிலும் மழையிலும் காணாமல் போகிறது. ஒவ்வொன்றும் தனித்தனியே செய்வது கொஞ்சம்; சேர்ந்தால்தான் தெரியும். பின்னால் வந்த சில வரைபடங்களில் பெண் வீட்டுக் குரோமோசோம்களிலும் நீளத்துக்கும் வலிமைக்கும் இடங்கள் கிடைத்தன, சரிபாதி எங்களுடையது என்று அந்தப் பக்கத்து வக்கீல்கள் எழுந்து நிற்கிறார்கள். இதற்கிடையில் பருத்தியைக் குவிண்டால் கணக்கில் எடைபோட்டு விற்கும் விவசாயியிடம் போய் இழை வலிமைக்கு ஒரு மார்க்கர் கண்டுபிடித்தாயிற்று என்று சொன்னால், அவர் தராசைத்தான் பார்ப்பார். வலிமைக்குத் தனியாக விலை தருகிறேன் என்று கமிஷன் மண்டியில் இன்னும் பெரிதாக யாரும் சொல்லிக்கொள்ளவில்லை.